அசல்

இளவேனில் என்று பெயர் வைத்துவிட்டு
டிசம்பர் இருட்டில் ஆறே முக்காலுக்குப்
பள்ளி வேனில் ஏற்றி அனுப்புகிறோம்.
டைரியில் சிவப்பு மை:
ஸ்வெட்டர் நேவி ப்ளூ. வேறு நிறம் கூடாது.

கடையில் எழுநூற்றைம்பது.
அலமாரி அடித்தட்டில் இவருடைய மெரூன் ஸ்வெட்டர்,
முழங்கை போனது, கழுத்து தொளதொளத்தது.
“அதைத் தொடாதே. அசல் கம்பளி.
டெல்லிக்கு வந்த வருஷம் ஜன்பத்தில் வாங்கியது.
ஆட்டின் மேல்கூட இவ்வளவு சூடு இருந்திருக்காது.”
பன்னிரண்டு குளிர்காலமாய் இதே வசனம்.
சிலிண்டர் போட வருகிறவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்,
இந்தியில், இன்னும் கொஞ்சம் கூட்டி.

மூன்றாம் நாள் தானே எடுத்துவந்து
என் மடியில் போட்டார்.
“பிள்ளைக்குத்தானே.”

பிரிப்பது எளிது, நுனி கிடைத்துவிட்டால்.
கிடைக்க ஒரு ராத்திரி ஆனது.
பிறகு இழுக்க இழுக்க வந்தது
ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சு மாதிரி.
இவர் நீட்டிய இரண்டு கைகளிலும் சுற்றினேன்.
செய்தி முடியும்வரை
கைதானவர்போல உட்கார்ந்திருந்தார்.

நூலெல்லாம் சுருண்டு, மேகி.
அலசி, பால்கனிக் கொடியில் தொங்கவிட்டு
அடியில் திண்டுக்கல் பூட்டைக் கட்டினேன்.
இரண்டு நாளில் நேரானது,
கொஞ்சம்.

சாயம், திலக் பஜாரில்.
பொங்கலுக்கு மட்டும் இறக்கும் குண்டானைத் தாரைவார்த்தேன்.
உப்பு, வினிகர். தளதளவென்று கொதிக்கக் கூடாது.
கிளறக் கூடாது.
சாம்பார் வைத்துப் பழகிய கைக்கு
அதுதான் தண்டனை.

தூக்கிப் பார்த்தால்
ஓர் இழை இருட்டு நீலம்.
அதோடு முறுக்கிக்கொண்டிருந்த இன்னோர் இழை
மெரூனாகவே இருந்தது,
ஒன்றும் நடக்காததுபோல.
மறுபடி வினிகர், மறுபடி சூடு.
கரண்டி நீலமானது, ஸிங்க் நீலமானது,
இவருடைய பனியன் ஒன்று, என் பத்து நகங்கள்.
அந்த இழை மட்டும் மசியவில்லை.

ஒரு துண்டைப் புரி பிரித்து
கேஸ் நெருப்பில் காட்டினேன்.
நீல இழையில் முடி கருகும் வாடை.
மெரூன் இழை உருகி
கடுகளவு கறுப்பு மணியாகி
விரலைச் சுட்டது.

பக்கத்து அறையில் இவர்
சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.
“என்ன வாடை?”
“அப்பளம்” என்றேன்.

வந்த வருஷம், ஜனவரி,
கடைசி பஸ் போன பிறகு
ஐ.டி.ஓ. நிறுத்தத்தில் இதைக் கழற்றி
என் தலைவழியே மாட்டிவிட்டார்.
ஒன்பது நாள் இருமினார்.
எனக்குக் குளிரவில்லை.
அதற்கு எந்த நெருப்பில் காட்டிப் பார்ப்பது?

பள்ளிக்கு எழுநூற்றைம்பது கொடுத்தோம்.

மயூர் விஹார் பூங்காவில்
வேர்க்கடலைத் தோல் பறக்கும் வெயிலில்
பெண்கள் சீதா, உல்டா, சீதா, உல்டா என்று
முனகிக்கொண்டே பின்னுகிறார்கள்.
நான் எனக்குள் மாற்றிக்கொள்கிறேன்:
நேர், புரட்டு, நேர், புரட்டு.
அந்த வாரம் முழுக்க
புரட்டு மட்டுமே வாயில் வந்தது.

நீலமும் மெரூனும் சேர்ந்து, எட்டி நின்று பார்த்தால்
நாவல்பழம் தின்ற நாக்கு.
இவருக்கு ஒரு குரங்குக் குல்லா.
இளவேனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று எதிர் பிளாக்கே தெரியாத பனி.
குல்லாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்
கண்ணாடி முன் நிற்கிறார்.
“பார்த்தாயா? பிரித்து, வேகவைத்து,
இத்தனைக்குப் பிறகும் என்ன சூடு.
அசல் அசல்தான்.”
நெற்றியில் வியர்வைகூட அரும்பியிருக்கிறது.

மிச்ச நூலில் கையுறை.
ஊசி நிறையக் கண்ணிகள்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
நடுவில் வாயைத் திறந்தால்
எண்ணிக்கை தவறிவிடும்.